பட்டிப்பூவும் ஒரு பிள்ளையின் கண்ணும்

எங்கள் ஊரிலே பட்டிப்பூவை எவரும் பாத்தி கட்டி வளர்ப்பதில்லை. அது தானாகவே முளைக்கும். கிணற்றடியிலும், வேலியோரத்திலும், இடிந்துபோன மதிலின் வெடிப்பிலும் வேரூன்றி, மழை பொய்த்த ஆண்டிலும் வாடாது பூத்து நிற்கும். ஆடும் மாடும் அதன் இலையில் வாய் வைப்பதில்லை; அத்துணைக் கசப்பு. தமிழகத்தார் இதனை நித்தியகல்யாணி என்பர். கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் நான், ஐந்து இதழ் கொண்ட பூவுக்கு உதாரணம் காட்ட வேண்டிய போதெல்லாம், வாசலில் நின்ற இந்தப் பூவையே பறித்துக்கொண்டு வகுப்புக்குச் செல்வேன். எளிதில் அகப்படுவது என்பதைத் தவிர அதனிடத்து எனக்கு வேறு மதிப்பு இருந்ததில்லை. அந்த மதிப்பு பின்னர் எவ்வாறு வந்தது என்பதையும், அதனோடு என் அறியாமை எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் இங்கே எழுதத் துணிகின்றேன். பிள்ளைகளைப் பெற்றவர் எவருக்கேனும் ஒரு நாளைக்கு இது உதவுமாயின் அதுவே போதும்.

2015 ஆம் ஆண்டு ஆவணி மாதம். நல்லூரிலே கொடியேறியிருந்தது. என் தங்கை ஒருநாட் காலையில், ஆறு வயது மகளைக் கையிற் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். “அண்ணை, இவளின்ரை இடக் கண்ணை ஒருக்காப் பாருங்கோ. மேலிமை வீங்கின மாதிரிக் கிடக்குது” என்றாள். பார்த்தேன். இமை சற்றே தடித்திருந்தது. கண் சிவக்கவில்லை, பிள்ளைக்கு நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. “கண்கட்டி வரப்போகுது போலை. திருவிழா முடியட்டும், பிறகு பார்ப்பம்” என்றேன். எங்கள் குடும்பத்திலே பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. அதிலும் உயிரியல் படித்தவன். ஆகவே என் சொல்லுக்கு மறுசொல் எழவில்லை. தங்கை மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திருவிழா இருபத்தைந்து நாள் நடந்தது. தங்கை நாள்தோறும் கோயிலுக்குப் போனாள். நானும் இடையிடையே போனேன். பிள்ளையைக் கண்டபோதெல்லாம் இமை அப்படியே இருப்பதாக எனக்குத் தோன்றியது. அன்றி, அப்படித் தோன்ற வேண்டும் என்று நான் விரும்பினேன் போலும். தேர்த் திருவிழாவன்று சனக்கூட்டத்திலே தேரைக் காட்டுவதற்காக அவளைத் தோளிலே தூக்கினேன். இறக்கும்போது வெயிலில் அவளுடைய முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. அப்பொழுதுதான் கண்டேன். இடக் கண், வலக் கண்ணைக் காட்டிலும் முன்னே தள்ளியும் சற்றுக் கீழே இறங்கியும் நின்றது. கண்கட்டி எதுவும் கண்ணை அப்படித் தள்ளாது. அது எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

மறுநாள் யாழ்ப்பாணத்திலே கண் வைத்தியர் ஒருவரிடம் சென்றோம். அவர் நீண்ட நேரம் எடுக்கவில்லை. ஊடுகதிர்ப் படம் எடுப்பித்தார். கண்ணுக்குப் பின்னே, கண்குழியினுள், ஒரு கட்டி வளர்ந்து விழியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. “இதை வைத்துக்கொண்டு ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், கொழும்புக்குப் போங்கள்” என்று கடிதம் எழுதித் தந்தார். அன்றிரவே புகையிரதம் ஏறினோம். தங்கையின் மடியிற் பிள்ளை உறங்கினாள். மைத்துனர் வவுனியா வரையும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை, பேசுவதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது?

கொழும்பிலே கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துப் பரிசோதித்து, நோயின் பெயரைச் சொன்னார்கள். ராப்டோமயோசார்க்கோமா என்பது அது. கேட்கும்போதே நாக்குத் தடுமாறும் பெயர். தாயின் கருவிலே குழந்தையின் தசைகள் உருவாகின்றன அல்லவா? அவ்வாறு தசையாக முதிர வேண்டிய இளங்கலங்களை ஒத்த கலங்கள், முதிராமலே கட்டின்றிப் பெருகுவதால் உண்டாகும் புற்றுநோய் இது. தசை, கொழுப்பு, நார் முதலியவற்றை மென்னிழையங்கள் என்போம். அவற்றில் வரும் புற்றுநோய்களுள் பிள்ளைகளை மிகுதியாகப் பிடிப்பது இதுவே. ஆயினும் மொத்தத்தில் இது அரியது. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் நூறாயின், அவற்றுள் ஏறத்தாழ மூன்றே இவ்வகையின. அமெரிக்க ஐக்கிய நாடுகள் போன்ற பெருந்தேசத்திலும் ஆண்டுக்கு 350 முதல் 400 வரையான இளையோருக்கே இது வருகின்றது. அவ்வாறு வருபவருள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல், தலையிலோ கழுத்திலோதான் கட்டி தோன்றுகின்றது.

தலையும் கழுத்தும் என்னும்போது, எந்த இடம் என்பது மிக முக்கியம். கண்குழியில் வந்தால், கண் வெளியே தள்ளப்படுவதால் விரைவிலே பிறர் கண்ணிற் படும். மூக்கின் பின்புறம், முகவெலும்பின் அறைகள், நடுக்காது, மண்டையோட்டின் அடிப்புறம் ஆகிய இடங்களில் வந்தால் வெளியே தெரியாது. மூளையைப் போர்த்திருக்கும் சவ்வு அருகிலே இருப்பதால் ஆபத்தும் மிகுதி. கன்னம், உதடு, உச்சந்தலை, கழுத்து என்பன மூன்றாவது வகுப்பு. எங்கள் பிள்ளைக்கு வாய்த்தது, இவற்றுள் நல்லது என்று வைத்தியர்கள் சொல்லும் இடம். நல்லது என்ற சொல்லை அந்த இடத்திலே கேட்டபோது தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மகரகமையிலே தேசிய புற்றுநோய் வைத்தியசாலை இருக்கின்றது. இப்போது அதனை அபேக்ஷா வைத்தியசாலை என்று அழைக்கின்றார்கள். சிங்களத்திலே அச்சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். புறக்கோட்டையிலிருந்து 138 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி அங்கே போவதும் வருவதும் அந்த ஆண்டிலே எங்களுக்குப் பழகிப் போயிற்று. பிள்ளைகளுக்கான வாட்டிலே எங்களைச் சந்தித்த வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. ஆங்கிலத்தில், நிதானமாக, ஒரு தாளிலே கண்குழியின் படத்தை வரைந்து விளக்கினார். அவர் சொல்லி முடிக்குமுன்பே என் மைத்துனர், “கண்ணை எடுத்தாலும் பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ மச்சான். பிள்ளை இருந்தாற் காணும்” என்றார். ஒரு தகப்பன் எத்தனை இரவு விழித்திருந்து அந்த வாக்கியத்துக்கு வந்திருப்பான் என்பதை நான் உணர்ந்தேன். அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

வைத்தியர் தலையசைத்து, கண்ணை எடுக்க வேண்டியதில்லை என்றார். முன்னாளிலே அதுதான் வழக்கம். விழியையும் அதனைச் சூழ்ந்த தசை முதலியவற்றையும் முழுவதும் வெட்டியெடுத்து, கண்குழியை வெறுங்குழியாக விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தும் பல பிள்ளைகள் பிழைக்கவில்லை. ஏனெனில் நோயின் நுண்ணிய கலங்கள் சில அதற்கு முன்பே இரத்தத்தோடு கலந்து வேறிடம் சென்றுவிடும். 1970 க்கு முன் இந்நோய் வந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு முப்பது பேர்கூடப் பிழைத்ததில்லை. 1961 இல் பிங்கெல், பிக்ரென் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, மருந்து என்னும் மூன்றையும் ஒருங்கே கையாள வேண்டும் என்று எழுதினர். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நியூயோர்க் வைத்தியர் சிலர், கண்குழியில் வந்த கட்டியைக் கண்ணை எடுக்காமலே கதிரினால் கரைக்கலாம் என்று காட்டினர்.

ஆனால் ஒரு நோய் அரிதாக இருப்பதே அதற்கு ஒரு பாதுகாப்பாகிவிடுகின்றது. ஒரு வைத்தியசாலைக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளே வந்தால், எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதை அங்குள்ளவர் எவ்வாறு அறிவர்? ஒருவருடைய ஆயுட்காலமே போதாது. ஆகவே 1972 இல் அமெரிக்காவிலே பல வைத்தியசாலைகள் ஒன்றுகூடி, தமக்குள் இருந்த போட்டியை ஒதுக்கிவைத்து, இந்நோய் வந்த பிள்ளைகள் அனைவரையும் ஒரே ஒழுங்கில் ஆராயத் தொடங்கின. ஹரோல்ட் மோரர் என்னும் குழந்தை வைத்தியர் அதற்குத் தலைமை தாங்கினார். 1978 வரை நடந்த முதலாவது ஆய்விலே 686 பேர் சேர்ந்தனர். ஒன்றன்பின் ஒன்றாக இத்தகைய ஆய்வுகள் தொடர்ந்தன. ஐரோப்பாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. இன்று, உடலில் வேறிடங்களுக்குப் பரவாத நிலையிலே வரும் பிள்ளைகளுள், வசதி நிறைந்த நாடுகளில் நூற்றுக்கு எழுபது பேர் அளவிற் பிழைக்கின்றனர். கண்குழியில் வந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கின்றனர். இதனை ஒரு மேதை தனித்திருந்து சாதிக்கவில்லை. எண்ணற்ற சாதாரண வைத்தியர்கள் தத்தம் நோயாளரின் விவரத்தை மறைக்காது ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டமையாற் கிடைத்த வெற்றி இது.

மருந்துகளும் அப்படித்தான். எங்கள் பிள்ளைக்குக் கொடுத்தவை மூன்று. ஒன்று அக்ரினோமைசின். மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து 1940 இல் வக்ஸ்மன், வூட்ரவ் என்னும் இருவர் பிரித்தெடுத்தது, பொன்னிறமானது. மற்றொன்று சைக்குளோபொஸ்பமைட். முதலாம் உலக யுத்தத்திலே போர்வீரரைக் கொல்லப் பயன்படுத்திய கடுகுவாயுவின் வழிவந்த இரசாயனக் குடும்பத்தில் உதித்து, 1958 இல் ஜேர்மனியில் மருந்தானது. மூன்றாவது வின்கிறிஸ்ரின். அதன் பிறப்பிடத்தை வைத்தியர் சொன்னபோது நான் நாற்காலியிலே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது பட்டிப்பூவிலிருந்து எடுப்பது.

அதன் கதையும் வியப்புக்குரியது. மேற்கிந்தியத் தீவுகளில் மக்கள் இச்செடியின் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடித்து வந்தனர். 1952 இல் யமேக்காவிலிருந்து கனடாவுக்கு அதன் இலைகள் அனுப்பப்பட்டன. அங்கே றொபேட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளர் அதனைப் பரிசோதித்தார். சர்க்கரை குறையவில்லை, ஆனால் எலிகளின் இரத்தத்திலே வெண்கலங்கள் குறைந்தன. வெண்கலத்தைக் குறைக்கும் பொருள், வெண்கலங்கள் கட்டின்றிப் பெருகும் நோய்க்கு மருந்தாகலாம் அல்லவா? அவரும் சாள்ஸ் பியர் என்பவரும் சேர்ந்து வின்பிளாஸ்ரின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அதே செடியிலிருந்து அமெரிக்காவிலே வின்கிறிஸ்ரின் கிடைத்தது. 1963 இல் அது நோயாளருக்கு வழங்க அனுமதிக்கப்பட்டது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகளை அது உருவாகவிடாது தடுக்கின்றது. கலப்பிரிவை எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். அந்த இழைகளுக்கும் என் வாசற் செடிக்கும் இப்படி ஒரு பகை உண்டு என்பதை அதுவரை அறிந்திருக்கவில்லை.

இந்த வியப்பை நான் ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றிலே குறிப்பிட்டது பிழையாயிற்று. நல்லெண்ணம் படைத்த உறவினர் ஒருவர், “பட்டிப்பூத்தானே மருந்து! அதை அவித்துக் குடுத்தாற் போச்சு, பிள்ளையை ஏன் அங்கை கிடத்தி வதைக்கிறியள்?” என்று தங்கைக்குத் தொலைபேசியிலே சொன்னார். வாசகர்கள் இவ்விடத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு தொன் உலர்ந்த இலையிலிருந்து கிடைக்கும் வின்கிறிஸ்ரின் சில கிராம் மாத்திரமே. அந்தச் செடியிலே வேறு நச்சுப் பொருள்களும் பல உண்டு. அதனை அவித்துக் குடிப்பவர் மருந்தைப் பெறமாட்டார், நஞ்சைப் பெறுவார். வைத்தியர்கள் பிள்ளையின் உடற்பரப்பைக் கணக்கிட்டு, மில்லிகிராமிலே அளந்து, நாளத்திலே மாத்திரம் ஏற்றுகின்றார்கள். அவ்வளவு கவனமாகக் கொடுத்தும் அது பிள்ளையின் நரம்புகளைத் தாக்கிற்று. சில காலம் அவளாற் பாதத்தை உயர்த்தி நடக்க முடியவில்லை, தாடை நொந்தது, மலம் கட்டியது. மற்ற மருந்துகளால் முடி கொட்டியது. இரத்தக் கலங்கள் குறைந்து காய்ச்சல் வந்தது. இவையெல்லாம் நோய் முற்றுவதன் அடையாளங்கள் என்று கருதி, இடையிலே சிகிச்சையை நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. அது பெருந்தவறு.

சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலே எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. நோயின் பெயரை வெளியே சொல்வதில்லை என்பதே அது. “பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு நாலு பேர் நாலு விதமாய்க் கதைப்பினம்” என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் அதனை மறுக்கவில்லை. உண்மையில் அது எனக்கு வசதியாகவும் இருந்தது. நோயின் பெயர் வெளிவந்தால், எப்போது கண்டீர்கள், ஏன் உடனே காட்டவில்லை என்ற கேள்விகளும் வரும். கல்லூரியிலே, மருமகளுக்குக் கண்ணிலே சிறு சத்திரசிகிச்சை என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். இருபத்தைந்து நாளை நான் கடத்திய செய்தி எனக்கும் தங்கைக்கும் இடையிலே சொல்லப்படாமற் கிடந்தது. அவளும் கேட்கவில்லை. கேட்காதது கேட்டதைவிடக் கனத்தது.

அடுத்த கட்டிலிலே நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். அவனுக்கும் இதே நோய். ஆனால் இடம் நடுக்காது. முகத்தின் ஒரு புறம் அசைவற்றுச் சோர்ந்திருந்தது. ஒரு மாலை அவனுடைய தாய் என்னிடம், “சளி புடிச்சா காதுல சீழ் வர்றதுதானேன்னு இருந்துட்டோம் ஐயா. மாசக்கணக்கா சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருந்தோம். அப்புறம் வாய் கோணிப்போச்சு” என்றாள். அவள் அதை அழுதுகொண்டு சொல்லவில்லை; ஒளித்தும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். “இருந்துட்டோம்” என்ற அந்த ஒரு சொல்லை, இரண்டு பட்டங்களை வைத்துக்கொண்டிருந்த நான், அத்தனை நாளும் சொல்லத் துணியவில்லை.

அன்றிரவு வைத்தியசாலை மதிலுக்கு வெளியே, தேநீர்க் கடையின் வாங்கிலே இருந்தபோது தங்கையிடம் சொன்னேன். “பிழை என்னுடையது. நீ கொண்டுவந்து காட்டின அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்பியிருக்க வேணும்.” அவள் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பின்பு, “எனக்குத் தெரியும் அண்ணை. நானும் நாளுக்கு நாள் பார்த்துக்கொண்டுதானே இருந்தனான்” என்றாள். சிறிது நேரம் கழித்து, “இனி ஆரிட்டையும் ஒளிக்க வேண்டாம். எனக்கு ஒளிச்சுக் களைச்சுப் போச்சு” என்றாள்.

மறுநாளே கல்லூரி அதிபருக்கு உண்மையை எழுதினேன். அதன்பின் நடந்தவை நான் எதிர்பாராதவை. கொழும்பிலே தொழில் புரியும் பழைய மாணாக்கர், பிள்ளைக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்த ஒவ்வொரு முறையும் இரத்ததானம் செய்ய வந்தனர். வெள்ளவத்தையிலே ஒரு குடும்பம் எங்களுக்குத் தங்க அறை கொடுத்தது. ஊரிலே அயலவர் ஒருவர், தம் தம்பியின் மகனுக்குக் கழுத்திலே நோவில்லாத கட்டியொன்று மாதமாக வளர்வதாகச் சொல்லி, எங்கே காட்டுவது என்று கேட்டார். நல்ல வேளையாக அது வேறு நோய், மருந்தோடு மாறிற்று. ஆனால் நாங்கள் மறைத்திருந்தால் அவர் கேட்டிருக்கமாட்டார். வைத்தியசாலைகள் 1972 இலே கற்ற பாடத்தை நாங்கள் அப்பொழுதுதான் கற்றோம். அரிய நோயைத் தனித்து நின்று எவரும் வெல்வதில்லை.

மருந்து சில சுற்று ஏற்றியபின் கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து வாரம். மொத்தம் இருபத்தைந்து தடவை. கதிர் ஓர் இம்மியும் விலகாதிருக்க வேண்டும் என்பதற்காக, வெந்நீரில் இளக்கிய வலைத்தகடு ஒன்றை முகத்தின்மீது அழுத்தி, அச்சொட்டாக ஒரு முகமூடி செய்தனர். அதனை மேசையோடு பூட்டியபின், பிள்ளை தனியே அசையாமற் கிடக்க வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். எங்கள் பிள்ளை தான் அசையமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கதவு மூடியபின் அவள் மனத்துக்குள் எண்ணுவாளாம். வெளியே வந்ததும், “இண்டைக்கு இருநூற்றி எழுபது மாமா” என்று சொல்வாள். வெளியே நின்று நானும் எண்ணுவதுண்டு. என் கணக்கு ஒருநாளும் அவளுடைய கணக்கோடு ஒத்ததில்லை.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது, பக்கத்துக் கட்டிலிலே வேறொரு பிள்ளை படுத்திருந்தது. மலையகச் சிறுவனின் நோய் மண்டையோட்டின் அடிப்புறத்தைத் தாண்டிவிட்டிருந்தது. அவன் இறந்துவிட்டான் என்று தாதி மெதுவாகச் சொன்னாள். தங்கை அவனுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பனங்கட்டிக் குட்டானை அந்தப் புதிய பிள்ளையின் தாயிடம் கொடுத்தாள். சிகிச்சை முன்னேறிவிட்டது என்று எழுதுவோர், எல்லாப் பிள்ளைகளும் அந்த முன்னேற்றத்தின் பயனை எட்டிவிடுவதில்லை என்பதையும் எழுத வேண்டும்.

முன்னேற்றம் பின்னரும் தொடர்ந்துள்ளது. ஆம்ஸ்ரடாமிலே, மருந்துக்குப் பின்னும் முகத்தில் எஞ்சிய கட்டியை வெட்டியெடுத்து, அந்தக் குழிக்கு அளவான அச்சொன்றிலே கதிர்வீசும் பொருளைச் சில நாள் வைத்து, பின்பு இழையத்தைக் கொண்டு முகத்தைச் சீராக்கும் முறையொன்று வளர்ந்தது. வேறு சில நாடுகளில், குறித்த ஆழத்துக்கு அப்பாற் செல்லாத புரோத்தன் கதிர்களைக் கொண்டு, வளரும் எலும்பையும் மூளையையும் காக்க முயல்கின்றனர். 2019 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று இன்னொரு நற்செய்தியைத் தந்தது. ஆபத்து மிகுந்த பிள்ளைகளுக்கு வழக்கமான சிகிச்சை முடிந்தபின் மேலும் ஆறு மாதம் சிறிய அளவிலே இரு மருந்துகளைத் தொடர்ந்தபோது, ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருப்போர் நூற்றுக்கு 74 பேர் என்பதிலிருந்து 86 பேருக்கு மேலாக உயர்ந்தனர். அவ்விரு மருந்துகளுள் ஒன்று வினொரல்பின். அதுவும் பட்டிப்பூவின் வழிவந்ததே.

எங்கள் பிள்ளையின் சிகிச்சை 2016 இலே முடிந்தது. கட்டி மறைந்தது, திரும்பி வரவில்லை. ஆனால் கதிர், நோயைப் போக்கும்போது தன் அடையாளத்தையும் விட்டுச் செல்கின்றது. வளரும் வயதிலே கதிர் பட்ட எலும்பு மற்றப் பக்கத்து எலும்போடு சமமாக வளர்வதில்லை. அவளுடைய இடக் கண்குழி சிறிதாகவும், நெற்றிப்பொட்டு உட்குழிந்தும் இருக்கின்றது. சில ஆண்டுகளின்பின் அந்தக் கண்ணிலே புரை படர்ந்தது. அதனை நீக்கி வில்லை வைத்தனர். கண்ணீர் குறைவாதலால் நாள்தோறும் மருந்து விடுகின்றாள். ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்கின்றாள். சிகிச்சையை முடித்த பிள்ளைகளை வைத்தியர்கள் பல்லாண்டு கவனித்து வருவது இதற்காகவே. நோய் போனபின்பும் பிள்ளைக்கு வைத்தியர் வேண்டும்.

பள்ளிக்கூடத்திலே அவள் மறுபடி சேர்ந்த முதல் நாளை நான் மறக்கமாட்டேன். முடி அப்பொழுதுதான் அரும்பியிருந்தது. தொப்பி அணிவித்து அழைத்துச் சென்றோம். வகுப்பிலே ஒரு பையன், “உன்ரை கண் ஏன் சின்னனாய்க் கிடக்குது?” என்று கேட்டான். ஆசிரியை பதறிப்போய் அவனை அதட்டினார். எங்கள் பிள்ளையோ, “உள்ளுக்கை ஒரு கட்டி வந்தது. மருந்து போட்டு மாத்தினவை” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்திலே உட்கார்ந்தாள். பையன், “நொந்ததோ?” என்று கேட்டான். “ஓம்” என்றாள். அவ்வளவுதான். நாங்கள் பெரியவர்கள் மாதக்கணக்காக மூடி வைத்திருந்த விடயத்தை இரு பிள்ளைகள் இரண்டு வார்த்தையிலே முடித்துவிட்டனர்.

இன்று அவள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயதை அடைந்துவிட்டாள். கணிதத்திலே கெட்டிக்காரி, உயிரியலில் என்னிடமே வாதம் செய்கின்றாள். நிழற்படம் எடுக்கும்போது மாத்திரம் சில வேளைகளில் முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்வாள். அதைக் காணும்போது அந்த இருபத்தைந்து நாள் எனக்கு நினைவுக்கு வரும். முன்னரே வந்திருந்தால் இந்த அடையாளம் இராதா என்று வைத்தியரை ஒருமுறை கேட்டேன். “கதிர் அப்போதும் தேவைப்பட்டிருக்கும். ஆயினும் இந்நோயிலே நாள்களைக் கடத்துவது நல்லதன்று, நீங்கள் வந்துவிட்டீர்கள், அதை நினையுங்கள்” என்றார். அது முழு மன்னிப்பன்று. அவர் அப்படிப் பொய்யாக மன்னிக்காததற்காக அவரை நான் மதிக்கின்றேன்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்ல வேண்டியவை சிலவே. பிள்ளையின் ஒரு கண் மாத்திரம் முன்தள்ளினாலோ, இமை காரணமின்றித் தடித்துச் சோர்ந்தாலோ; ஒரு மூக்குத்துளை மாத்திரம் நெடுநாள் அடைத்திருந்தாலோ, அதிலிருந்து இரத்தம் வடிந்தாலோ; காதிலே சீழோ இரத்தமோ மருந்துக்கு அடங்காது தொடர்ந்தாலோ; முகத்தின் ஒரு புறம் சோர்ந்தாலோ; முகத்திலோ கழுத்திலோ நோவில்லாத கட்டி வளர்ந்தாலோ, வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது சிறிய வருத்தமாகவே இருக்கும். மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். நோவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணாதீர்கள். என் தங்கை கேட்டதுபோல, என்ன பாவம் செய்தோம் என்றும் கேளாதீர்கள். தாய் உண்டதாலோ உண்ணாததாலோ இது வருவதில்லை. மிகச் சில குடும்பங்களிலே மாத்திரம் பரம்பரைக் காரணம் உண்டு. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமில்லை. இந்த நாட்டிலே அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் கேட்பதில்லை. கேட்பது காலத்தை மாத்திரமே.

பூக்களைப் பற்றிய பாடம் வரும்போது இப்பொழுதும் நான் பட்டிப்பூவையே கொண்டு செல்கின்றேன். இதழ்களை எண்ணிக் காட்டியபின் இந்தக் கதையையும் சொல்கின்றேன், என் இருபத்தைந்து நாளையும் சேர்த்தே. மாணாக்கர் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையரிடம் சொல்வர் என்பது என் நம்பிக்கை. “பிறகு பார்ப்பம்” என்று சொல்ல வாயெடுக்கும் ஒரு மாமனோ ஒரு தகப்பனோ அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுவாராயின், என் பிழைக்கும் ஒரு பயன் உண்டாயிற்று என்று கொள்வேன்.